பொருளின் மெய்யளவு கண்ட அல்பெரூனி

கடாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவன் இராசேந்திர சோழன். கி.பி. 1025ஆம் ஆண்டில் அவனுடைய கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து வந்து கடாரத்தை வென்றது. சோழர் கல்வெட்டில் காணப்படும் கடாரம் நாம் வாழும் கெடா மாநிலமே என்பது வரலாற்று அறிஞர்தம் கொள்கை. அதே 1025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பாரத நாட்டின் வடமேற்கே, கஜினி முகமது என்னும் சுல்தான் சோமநாதபுரத்தைக் கொள்ளையிடுவதற்காகப் பெரும் படையுடன் புறப்பட்டான். இவ்விரு படையெடுப்புகளையும் பற்றிப் பேசுவோர் பலர். அக்காலத்தில் கஜினி நகரில் அமைதியாக வாழ்ந்து, வாளை நாடாமல் தராசை நாடிய ஒரு பேரறிஞரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அவர்தாம் அல்பெரூனி. வரலாறு பயின்றோர் அவரை இந்தியாவைப் பற்றி நூல் எழுதியவர் என அறிவர். வானநூல் பயின்றோர் அவரைக் கோள்களின் இயக்கத்தைக் கணித்தவர் என அறிவர். நாமோ இவ்விடத்தில் அவரை வேறொரு வகையில் அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். வடிவம் ஒழுங்கற்ற திடப்பொருள்களின் அடர்த்தியை நுட்பமாக அளந்து காட்டியவர் அவர். கல், முத்து, மாணிக்கம், தங்கக் கட்டி, இரும்புத் துண்டு ஆகியவற்றுள் எதனையும் உடைக்காமல், உருக்காமல், அதன் உண்மையை நீரின் துணைகொண்டு கேட்டறிந்தார். நம் தோட்டத்துப் பெற்றோரின் அன்றாட வாழ்வோடும் இக்கலைக்குத் தொடர்பு உண்டு. அத்தொடர்பைப் பின்னர்க் காண்போம்.

அல்பெரூனி கி.பி. 973ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் பிறந்த நாடு குவாரிசம் எனப்படும். இன்றைய உஸ்பெகிஸ்தானில் அப்பகுதி உள்ளது. குவாரிசத்தின் பழைய தலைநகராகிய காத் என்னும் ஊருக்கு வெளியே இருந்த புறஞ்சேரியில் அவர் தோன்றினார். பெரூனி என்னும் பெயரே புறத்தே உள்ளவர் என்னும் பொருளைத் தருவதாகும். நகரத்தின் மதிலுக்கு உள்ளே பிறக்காத அப்பிள்ளையின் பெயரை இன்று அவர் பிறந்த ஊரே தாங்கி நிற்கின்றது. அபூ நஸ்ர் மன்சூர் என்னும் அரச குடும்பத்துக் கணித அறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மாணவனின் கூர்மையை உணர்ந்த ஆசிரியர் தாம் கற்ற கணிதம் அனைத்தையும் அவருக்குக் கற்பித்தார்.

பதினேழு வயதில் அல்பெரூனி நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியில் எந்த அகலக்கோட்டில் அமைந்துள்ளது எனக் கணித்தார். இருபத்திரண்டாம் வயதில் நாட்டில் உட்பகை மூண்டது. அவரை ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. அவர் ஊரைவிட்டு ஓடினார். சில காலம் வறுமையிலும் உழன்றார். எனினும் அளத்தலை அவர் கைவிடவில்லை. கி.பி. 997ஆம் ஆண்டில் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது, பாக்தாது நகரிலிருந்த அபுல் வஃபா என்னும் அறிஞரும் அவரும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு, இரு ஊர்களிலிருந்தும் அதே கிரகணத்தைக் கண்டு நேரம் குறித்தனர். இரு நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு இரு ஊர்களுக்கும் இடையே உள்ள நெடுக்கைத் தொலைவைக் கணக்கிட்டனர். தொலைபேசியும் கடிகாரமும் இல்லாத காலம் அது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, அடர்த்தி பற்றிய செய்திக்கு வருவோம். ஒரு பொருள் எடுத்துக்கொள்ளும் இடத்தை அதன் கன அளவு என்கின்றோம். ஒரே கன அளவுள்ள இரு பொருள்களுள் ஒன்று கனமாகவும் மற்றொன்று இலேசாகவும் இருக்கலாம். ஒரு குவளை இரும்புத் தூளையும் ஒரு குவளை மரத்தூளையும் கையில் ஏந்திப் பார்ப்பவருக்கு இது விளங்கும். எடையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. தங்கத்தைச் சங்கிலியாக்கினாலும் தோடாக்கினாலும் கட்டியாகவே வைத்தாலும் அதன் அடர்த்தி மாறுவதில்லை. ஆகவே அடர்த்தியைக் கண்டால் பொருளின் இனத்தைக் கண்டுகொள்ளலாம்.

எடையைக் காண்பதற்குத் தராசு போதும். கன அளவைக் காண்பதில்தான் இடர் உள்ளது. பெட்டி போன்ற பொருளாயின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிக் காணலாம். ஆற்றங்கரையில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு நீளம் எது, அகலம் எது? பூவேலை செய்த மோதிரத்தை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

இவ்வினாவுக்கு முதலில் விடை கண்டவர் சிராக்கியூசு நகரத்து ஆர்க்கிமிடீசு என்பது மாணவர் அறிந்த கதை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அரசனின் பொன்முடியில் வெள்ளி கலந்துள்ளதா எனக் காண அவர் அதனை நீரில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தார் என்பர். இக்கதையை எழுதி வைத்த விட்ருவியசு என்னும் உரோமானியர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வாழ்ந்தவர். கதை இனியது, ஆனால் செய்து பார்ப்பது எளிதன்று. ஒரு கிலோகிராம் எடையுள்ள பொன்முடி தூய தங்கமாயின் 52 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றும். அதில் முந்நூறு கிராம் வெள்ளி கலந்திருந்தால் 65 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றும். வேறுபாடு 13 மில்லிலிட்டர் மட்டுமே. முடியை உள்ளடக்கும் அளவுக்கு, இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய் அகன்ற பாத்திரத்தில், இவ்வேறுபாடு நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடத் தோன்றாது. மோதிரத்தையும் முத்தையும் அப்பாத்திரத்தில் இட்டால் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாது.

இந்த இடத்தில்தான் அல்பெரூனியின் கைத்திறன் வெளிப்படுகின்றது. அடி பரந்து, மேலே செல்லச் செல்லக் குறுகும் கூம்பு வடிவில் அவர் ஒரு கலத்தைச் செய்வித்தார். அதன் கழுத்து மிகவும் ஒடுங்கியது. கழுத்தின் பக்கத்திலிருந்து ஒரு சிறு குழாய் வளைந்து கீழ்நோக்கி இறங்கியது. குழாயின் வாய்க்குக் கீழே தராசுத் தட்டு இருந்தது. முதலில் குழாய் வழியே நீர் வழியும் வரை கலத்தை நிரப்ப வேண்டும். வழிதல் நின்றபின், எடை பார்த்த பொருளை மெல்ல உள்ளே இட வேண்டும். பொருள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றதோ அவ்வளவு நீர் குழாய் வழியே தட்டில் விழும். அந்நீரை நிறுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. கழுத்து ஒடுங்கியிருப்பதால் ஒரு துளி நீர் மிகுந்தாலும் மட்டம் உயர்ந்துவிடும். ஆகவே ஒரு கடுகளவு வேறுபாடும் தப்பாது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும் இதில் தொல்லைகள் பல. மெல்லிய குழாயில் நீர் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும். பொருளின் இடுக்குகளில் காற்றுக் குமிழி தங்கிவிடும். நீரின் தன்மையும் ஒன்றுபோல் இராது. வெந்நீருக்கும் தண்ணீருக்கும், உப்பு நீருக்கும் நன்னீருக்கும் அடர்த்தி வேறு என்பதனை அவர் அளந்தே கண்டார். ஆகையால் எந்த நீரைக் கொண்டு அளந்தோம் என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும் என உணர்ந்தார். அவர் பயன்படுத்தியது தம் தாய்நாட்டில் ஓடிய ஜைஹூன் ஆற்றின் நீர். அவ்வாற்றை இன்று அமு தாரியா என்பர்.

அவர் கண்ட கணக்கை எளிய முறையில் சொல்வோம். ஒவ்வோர் உலோகத்திலும் நூறு எடை எடுத்துக்கொண்டார். நூறு எடைத் தங்கம் ஐந்து எடைக்குச் சற்று மேற்பட்ட நீரையே வெளியேற்றியது. வெள்ளி பத்துக்குச் சற்றுக் குறைவான நீரை வெளியேற்றியது. செம்பு பதினொன்றுக்கு மேல். இரும்பு பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளீயம் பதின்மூன்றரையையும் தாண்டியது. இன்று மின்தராசுகளைக் கொண்டு அளந்தாலும் இதே வரிசையில், இவற்றை மிக நெருங்கிய எண்களே கிடைக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைத்தராசு ஒன்றைக் கொண்டு இதைச் செய்தவரின் பொறுமையை எண்ணி நாம் வியக்கின்றோம். அவருடைய அறிவினும் பொறுமையே பெரிது என்பது எம் கருத்து.

மணிக்கற்களிலும் அவர் இம்முறையைக் கையாண்டார். பதக்சான் நாட்டு மலைகளிலிருந்து இலால் என்னும் சிவந்த கல் வந்தது. அது மாணிக்கம் போலவே ஒளிரும். வாங்குவோர் ஏமாறுவது இயல்பு. ஆனால் நீர் ஏமாறாது. ஒரே எடையில் எடுத்தால் இலால் கல் மாணிக்கத்தினும் மிகுதியான நீரை வெளியேற்றும். ஏனெனில் அது மாணிக்கத்தைவிட இலேசானது. அல்பெரூனி அளந்து காட்டிய இவ்வேறுபாட்டை அறியாத பிற்கால மன்னர் பலர் இலாலை மாணிக்கமென்றே நம்பி முடியில் பதித்தனர். இங்கிலாந்து அரச முடியில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் எனப் பெயர் பெற்று விளங்கும் பெரிய சிவப்புக் கல்லும் உண்மையில் மாணிக்கம் அன்று. இலால் இனத்தைச் சேர்ந்ததே.

வெள்ளீயத்தைப் பற்றி ஒரு சொல். அக்கால அரபு மொழியில் நல்ல வெள்ளீயத்திற்குக் கலயீ என்று பெயர். கலா என்னும் கீழ்த்திசைத் துறைமுகத்திலிருந்து அது சென்றதால் அப்பெயர் பெற்றது என்றும், அத்துறைமுகம் நம் கெடாக் கரையில் இருந்தது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். வேறிடம் கூறுவோரும் உளர். நம் வீடுகளில் முன்னாளில் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கலாய் பூசினார்களே, அந்தக் கலாயும் இச்சொல்லின் உறவே. மெர்போக் ஆற்றையொட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்தன. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, செம்பனை மரங்களுக்கிடையே பழங்கால இரும்பு உருக்கும் உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. தோட்டத்து மண்ணுக்கு அடியில் இத்தகைய வரலாறு உறங்கிக் கிடந்ததை அதன்மேல் உழைத்தவர் எவரும் அறிந்திலர். அல்பெரூனியின் தராசில் ஏறிய உலோகங்களுள் சில இத்திசையிலிருந்து சென்றிருக்கக்கூடும் என எண்ணிப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இக்கலை நம் தோட்டங்களில் எவ்வாறு வழங்கியது என்பதனை இனிச் சொல்வோம். பால் வெட்டிய தொழிலாளர் காண்டாவில் வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தவுடன், கிராணி பாலை நிறுப்பார். பின் அதில் சிறிது எடுத்து, நீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிடுவார். இரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே பாலில் இரப்பர் மிகுந்திருந்தால் பாலின் அடர்த்தி குறையும். கருவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்திருந்தால் கருவி உயர்ந்து நிற்கும். கருவியின் தண்டில் உள்ள கோட்டைப் படித்து, அத்தனை பாலில் எத்தனை இரப்பர் என்று கணக்கிடுவர். பல தோட்டங்களில் கூலியும் அக்கணக்கைப் பொறுத்தே அமைந்தது. மங்குகளில் மழைநீர் விழுந்த நாளில் வாளி கனத்திருக்கும்; மெட்ரோலாக்கின் எண்ணோ குறைந்திருக்கும். பால் நிறைய இருந்தும் காசு ஏன் குறைந்தது என வீட்டில் வருந்திய குடும்பங்கள் பல. அந்தக் கோட்டைத் தாமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்குக் கிராணியின் சொல்லை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய நிலை இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அடர்த்திப் பாடம் எதற்கு என்று கேட்போர்க்கு நாம் இதனையே சுட்டிக் காட்டுவோம். இன்று கெடாவின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. எனினும் பால் வெட்டும் இடங்களில் மெட்ரோலாக் இன்றும் மிதக்கின்றது.

தங்கத்தின் செய்தியும் அத்தகையதே. நம் தாய்மார் சிறுகச் சிறுகச் சேர்ப்பது நகையாகத்தான். பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவத்திற்கும் அது சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ சென்று அடகுக் கடையில் அமர்ந்து திரும்பும். கடைக்காரர் உரைகல்லில் உரைப்பதோடு, சில இடங்களில் நகையை முதலில் காற்றிலும் பின்னர் நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டும் நிறுப்பார். நீருக்குள் எடை குறையும். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை மில்லிலிட்டர் நீரின் இடத்தை நகை பிடித்துள்ளது என்பது பொருள். 916 தங்கத்தாலான பத்து கிராம் சங்கிலி நீருக்குள் ஏறத்தாழ 9.44 கிராம் காட்டும். அதே எடையுள்ள பித்தளைச் சங்கிலி 8.8 கிராம் அளவே காட்டும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுதல் நலம். உள்ளே அரக்கு அடைத்த வளையலும், உட்புறம் வெற்றிடமான குண்டுமணியும் நல்ல தங்கமே ஆயினும் இச்சோதனையில் தாழ்ந்து தோன்றும். அளவு பொய் சொல்வதில்லை. அளக்கப்பட்டது தங்கம் மட்டுமன்று என்பதே அங்கு உண்மை.

மீண்டும் அல்பெரூனியின் வாழ்வுக்குச் செல்வோம். கி.பி. 1017ஆம் ஆண்டில் கஜினி முகமது குவாரிசத்தைக் கைப்பற்றினான். வென்ற மன்னர் பொன்னையும் குதிரையையும் கொண்டுபோவது போல அவன் அறிஞர்களையும் கொண்டுபோனான். அவர்களுள் அல்பெரூனியும் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பிறந்த நாட்டையும் பழகிய ஆற்றையும் விட்டு, இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள கஜினி நகருக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். விரும்பிச் சென்றார் என்று சொல்வதற்கில்லை. கப்பலேறி வந்து அறியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட நம் முன்னோரின் துயரம் தெரிந்தவர்களுக்கு அவருடைய நிலை விளங்கும்.

அவருடைய தலைவன் பாரத நாட்டின்மீது மீண்டும் மீண்டும் படையெடுத்தான். அல்பெரூனியோ அந்நாட்டின் வடமேற்குப் பகுதிகளில் தங்கி, அந்நாட்டாரிடமே கற்றார். நடுவயதைக் கடந்தபின் வடமொழி பயின்றார். ஒலிகள் நாவுக்குப் படியவில்லை, சொற்கள் எண்ணற்றவை, பண்டிதர்களோ அயலவரிடம் மனம் திறக்கவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை. பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியில் பெயர்த்தார். 1030ஆம் ஆண்டில் முகமது மறைந்தான். அவ்வாண்டிலேயே அல்பெரூனி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எண்பது இயல்களில் எழுதினார். இந்நாட்டாரின் சமயம், கணிதம், வானநூல், எடையும் அளவையும், திருமணம், திருவிழா ஆகிய யாவும் அதில் உள்ளன. தென்னாட்டுக்கு அவர் வந்ததில்லை. எனினும் இராமேசுவரத்தையும் சேதுவையும் கேட்டறிந்து குறிப்பிட்டுள்ளார்.

அந்நூலில் நாம் பெரிதும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. முகமதின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தை அழித்தன என்றும், மக்கள் சிதறிப்போயினர் என்றும், கல்வி வெற்றிகொண்ட பகுதிகளைவிட்டு வெகு தொலைவுக்கு அகன்றது என்றும் அவர் எழுதினார். எழுதியபோது அவர் இருந்தது அதே அரச குடும்பத்தின் நிழலில். அரசனுக்கு இனிக்கும்படி எடையைக் கூட்டவோ குறைக்கவோ அவர் விரும்பவில்லை. இந்தியரின் குறைகளாகத் தமக்குத் தோன்றியவற்றையும் மறைக்காமல் எழுதினார். நூறு எடைச் செம்பு எத்தனை நீரை வெளியேற்றியதோ அதனையே ஏட்டில் குறித்தவர் மக்களைப் பற்றியும் அவ்வாறே எழுத முயன்றார் என்பதை அந்நூலில் காண்கின்றோம்.

தொட்டு அளக்க இயலாதவற்றையும் அளப்பதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனா என்னும் கோட்டையில் இருந்தபோது, சமவெளியை நோக்கி நின்ற ஒரு மலையின் உயரத்தை முதலில் கணித்தார். பின் உச்சியில் ஏறி நின்று, அடிவானம் கண் மட்டத்திற்கு எவ்வளவு கீழே தாழ்ந்து தோன்றுகின்றது என அளந்தார். மலையின் உயரமும் அத்தாழ்வுக் கோணமும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவர் கண்ட அளவு இன்றைய அளவை நெருங்கி நிற்பது என அறிஞர் பலர் கூறுவர். 1,217 மீட்டர் உயரமுள்ள நம் ஜெராய் மலைமீது ஏறி மேற்கே கடலைப் பார்ப்பவர் அதே அடிவானத் தாழ்வைத்தான் காண்கின்றனர்; காண்பதோடு நின்றுவிடுகின்றனர்.

1029ஆம் ஆண்டில் ரைஹானா என்னும் பெண்மணி ஒருவர்க்காகக் கணிதத்தையும் வானநூலையும் தொடக்கத்திலிருந்து விளக்கும் நூல் ஒன்றை வினாவிடை வடிவில் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் கற்கும் ஆர்வத்திற்காக ஒரு பேரறிஞர் எழுதுகோலை எடுத்தார் என்பதனை நம் பள்ளி மாணவிகள் அறிந்து மகிழ்வாராக. முகமதின் மைந்தன் மசூத் அரசனானபின், அவன் பெயரால் வானநூற் பெருநூல் ஒன்றை இயற்றினார். அதற்குப் பரிசாக அரசன் ஒரு யானை சுமக்கும் வெள்ளியை அனுப்பினான் என்றும், அவர் அதனைத் தமக்கு வேண்டாவெனக் கருவூலத்திற்கே திருப்பிவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. மசூதின் மைந்தன் மௌதூத் காலத்தில் மணிகளையும் உலோகங்களையும் பற்றிய நூலை எழுதினார். அவர் எழுதியவை நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவை. நமக்குக் கிடைத்தவை அவற்றுள் சிலவே.

மாணவர்கள் இவர் முறையைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். அளவு குறித்த உருளைக் குவளையில் இருநூறு மில்லிலிட்டர் நீர் ஊற்றுக. 130 கிராம் எடையுள்ள கல்லை மெல்லிய நூலில் கட்டி இறக்குக. நீர்மட்டம் 250க்கு உயர்ந்தால் கல்லின் கன அளவு ஐம்பது கன சென்டிமீட்டர். 130ஐ 50ஆல் வகுத்தால் அடர்த்தி 2.6. கல்லை முன்னரே நனைத்துவிட்டால் குமிழிகள் ஒட்டா. மட்டத்தைப் பார்க்கும்போது கண் நீர்மட்டத்திற்கு நேரே இருத்தல் வேண்டும். ஒட்டுப்பால் கட்டியோ மரத்துண்டோ மிதந்து தொல்லை கொடுக்கும். அதனோடு அந்தக் கல்லையும் சேர்த்துக் கட்டி அமிழ்த்தி, கல்லின் ஐம்பதைக் கழித்துவிட வேண்டும். கல் உப்பையும் கற்கண்டையும் நீரில் இட்டால் கரைந்துவிடும். அவற்றுக்குச் சமையல் எண்ணெயைப் பயன்படுத்தலாம். அந்த எண்ணெயைப் பின்னர் வீணாக்காமல் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அல்பெரூனி கஜினி நகரிலேயே முதுமை எய்தினார். 1050ஆம் ஆண்டையொட்டி அவர் மறைந்தார். அவருடைய இறுதி நாளைப் பற்றிப் பிற்காலத்தவராகிய யாகூத் என்பவர் ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். மூச்சுத் திணறிப் படுத்திருந்த அவரைக் காண நண்பராகிய சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். பாட்டியின் வழியில் வரும் சொத்துரிமையைப் பங்கிடும் கணக்கு ஒன்றை அந்நண்பர் முன்னொரு நாள் சொல்லியிருந்தார். அதனை மீண்டும் விளக்குமாறு அல்பெரூனி கேட்டார். இந்நிலையில் இது எதற்கு என நண்பர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது நன்றன்றோ என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி கூறினாராம். நண்பர் விளக்கினார். அவர் கேட்டு மனத்தில் வாங்கித் திருப்பிச் சொன்னார். நண்பர் விடைபெற்றுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது.

அவருடைய அடர்த்தி அளவுகள் அழியாமல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணமானவருள் ஒருவர் அல்காசினி. மெர்வ் நகரில் வாழ்ந்த அவர் இளமையில் அடிமையாக இருந்து பின்னர்க் கல்வியால் உயர்ந்தவர். 1121ஆம் ஆண்டில் தராசைப் பற்றி ஒரு பெருநூல் இயற்றி, அதில் அல்பெரூனியின் எண்களையும் அவருடைய கூம்புக் கலத்தின் படத்தையும் சேர்த்தார். அப்படத்தில் கலத்தின் வாய், கழுத்து, கைப்பிடி, குழாய் ஆகியவை தனித்தனியே பெயர் குறிக்கப்பட்டுள்ளன. குழாய்க்குக் கீழே, தராசுத் தட்டை வைக்க வேண்டிய இடமும் குறிக்கப்பட்டுள்ளது.